அன்னதானமும் தொழில்தானமும்

பசித்தவருக்கு அன்னமிடுதல் பெரும் புண்ணியம். திருவிழாக் காலத்தில் பெரகல தோட்ட மக்கள் தம் சம்பளத்திலிருந்து அரிசியும் பருப்பும் தந்து அன்னதானம் நடத்துவதும் அதனால்தான். ஆயினும், பந்தி முடிந்து இலை எடுத்தபின் வேலையற்ற ஏழையின் மறுநாள் அடுப்புக்கு யார் பொறுப்பு?

இவ்வினாவுக்கு மும்பையில் ஏழு பெண்கள் விடை கண்டனர். 1959 மார்ச் 15 அன்று 80 ரூபா கடன் பெற்று, மொட்டைமாடியில் அமர்ந்து அப்பளம் இட்டனர். முதல்நாள் கிடைத்தவை நான்கு பொதிகளே. பெரிய படிப்போ முதலோ இல்லாத அவர்கள் நன்கொடை கேட்டு எவரிடமும் கையேந்தவில்லை. அம்முயற்சியே ‘லிஜ்ஜத்’ என வளர்ந்து, இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தொழில் தருகிறது. பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, இட்ட அப்பளத்தை நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறுகின்றனர். கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் பெரகலப் பெண்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே தராசும் உழைப்பவருக்கே சொந்தம். இலாப நட்டம் அனைவருக்கும் பொது.

முதியவருக்கும் நோயாளிக்கும் சோறிடுவதே அறம். உழைக்க வலுவுள்ளவருக்கோ தொழில் காட்டுவதே மேலான தானம். அதைப் பெற்றவர் அடுத்த திருவிழாவில் பந்தியில் காத்திருக்கமாட்டார். தம் பங்கு அரிசியுடன் வந்து பரிமாறுவார். அதற்கு இறைவன் திருவருள் துணைநிற்பதாக.