கையில் தூபகலசத்தோடு

யூதாவின் அரசன் உசியாவைக் கெட்டவன் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 16 வயதில் பட்டத்துக்கு வந்து, 52 ஆண்டுகள் எருசலேமில் அரசாட்சி செய்தவன். சகரியா என்ற பெரியவர் இருந்த காலமெல்லாம் கடவுளைத் தேடினான். காத், யப்னே, அஸ்தோத் ஆகிய பெலிஸ்தர் நகரங்களின் மதில்களை இடித்தான். அம்புகளையும் பெருங்கற்களையும் எறியும் பொறிகளைச் செய்வித்தான். எனக்குப் பிடித்தது வேறொன்று. அவனுக்கு மண்ணின்மேல் ஆசை. ஆடுமாடுகளுக்காக வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான். மலைகளில் திராட்சைத் தோட்டக்காரர்களை வைத்தான்.

அப்படிப்பட்டவன் விழுந்த இடம்தான் என்னை உலுக்குகிறது. தந்தை அமத்சியா ஏதோமியரை வென்று திரும்பும்போது, தோற்றவர்களின் சிலைகளையே கொண்டுவந்து வணங்கியவன். உசியா அப்படி வழி தவறவில்லை. தன் கடவுளின் ஆலயத்துக்கே போனான், தூபங்காட்டவே போனான். பார்த்தவர்களுக்குப் பக்தி முற்றிவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் அது ஆரோனின் வழிவந்த ஆசாரியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பணி. கடவுள் துணையால் கிடைத்த பலத்தைத் தன் தகுதியென்று எண்ணிவிட்டான். இவ்வளவு செய்த எனக்கு இந்த வாசல் மட்டும் அடைப்பா என்ற எண்ணம், வழிபாட்டின் உடையிலேயே உள்ளே வந்துவிட்டது.

ஆசாரியர் அசரியா 80 பேரோடு பின்தொடர்ந்து போய் மறித்தார். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட படையுள்ள அரசனிடம், இது உமக்குரிய வேலையல்ல, வெளியே போம் என்றார். இரண்டாம் நாளாகமத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும் இடம் இது. உள்ளே நுழைந்த உடனே நோய் வந்துவிடவில்லை. கையில் தூபகலசத்தோடு ஆசாரியர்கள்மேல் சீறியபோதுதான் நெற்றியில் குஷ்டம் தோன்றியது. அதுவரை அவகாசம் இருந்தது. கலசத்தைக் கீழே வைத்திருக்கலாம். தாவீதின் பாவம் இதைவிடக் கொடியது. ஆனாலும் தீர்க்கதரிசி நாத்தான் நேருக்கு நேர் சொன்னதும் பணிந்துவிட்டான்.

பாடுபட்டுச் சபையை வளர்த்த ஊழியர்களை நினைத்து நான் பயப்படுவதும் இதற்காகத்தான். அவர்கள் ஜெபத்தை விடமாட்டார்கள். ஜெபம் இன்னும் நீளும், உபவாசம் கூடும். கணக்குக் கேட்கும் மூப்பரைக் கண்டால் மட்டும் எரிச்சல் வரும். அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா என்று சுற்றியிருப்பவர்களே வாயடைப்பார்கள். கேட்டவர் துரோகியாகி வெளியேறுவார். அவர் போவதைப் பார்க்கையில் எனக்கு மனம் பதறுகிறது, அவருக்காக மட்டுமன்று, அந்த ஊழியருக்காகவும். உசியாவுக்கு அன்று மிச்சமிருந்த நல்ல துணை அந்த 80 பேர்தான்.

குஷ்டத்தோடு உசியா சாகும்வரை தனி வீட்டில் இருந்தான். ஆசாரியனின் இடத்துக்கு ஆசைப்பட்டவனுக்கு, எளிய குடிமகன் நின்று கும்பிடும் முற்றமும் இல்லாமல் போயிற்று. நாட்டை மகன் யோதாம் நடத்தினான். தந்தையைப் போலவே அவனும் நேர்மையாக ஆண்டான், கோட்டைகள் கட்டினான், அம்மோனியரை வென்றான். ஆலயத்துக்குள் மட்டும் தந்தையைப் போல நுழையவில்லை.