கேட்டுக்கு வெளியே

"பயப்படாதீங்க தம்பி, அது ஒன்னும் பண்ணாது."

கேட்டுக்கு உள்ளே நிற்கிறவர் சொல்கிறார். வெளியே, பார்சல் கொண்டுவந்த பையன் மோட்டாரை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி, பெட்டியை மார்போடு அணைத்தபடி நிற்கிறான். நடுவில் கேட் கம்பி வழியாக மூக்கை நீட்டி நாய் பல்லைக் காட்டுகிறது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவரை அது ஒன்றும் செய்ததில்லை. அவர் மனைவியை, பிள்ளைகளை, பேரனை ஒன்றும் செய்ததில்லை. அந்தப் பையன் இந்தக் கணக்கில் எங்கே வருகிறான் என்பதுதான் கேள்வி.

நாய் வளர்க்கிறவருக்குத் தன் நாயை நம்ப முழு உரிமை உண்டு. குட்டியிலிருந்து கூடவே இருந்து, மெல்ல மெல்ல ஏற்பட்ட நம்பிக்கை அது. ஆனால் நாயை இன்றைக்குத்தான் பார்க்கிற ஒருவரும் அதே நம்பிக்கையோடு கேட்டைத் திறந்து வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தயங்கினால், "என்னங்க, இந்தச் சின்ன நாய்க்கா பயம்?" என்று சிரிக்கவும் செய்கிறோம். எனக்கு நாய் பிடிக்கும். அந்தச் சிரிப்புதான் பிடிக்காது.

எங்கள் ஊர் பண்டார் பாரு, கெடாவின் தென்கோடி. கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார். இன்னொரு பக்கம் போனால் பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலம், மூன்று ஊராட்சி மன்றம், நாய் வளர்ப்புக்கு மூன்று துணைச்சட்டம். எல்லைக்கோடு வரைந்தவர்கள் நாயைக் கேட்டுக்கொண்டு வரையவில்லை.

இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு நாய் தோட்டத்திலிருந்து கூடவே வந்த உயிர். லயத்தில் நாயை யாரும் கட்டிப்போட்டதில்லை. விடியுமுன் பால்வெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு முன்னால் அதுதான் ஓடும். பாம்பு இருந்தால் அதுதான் முதலில் குரைக்கும். பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் நாலைந்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். யார் வீட்டு நாய் என்று கேட்டால், சோறு வைக்கிற வீட்டைக் காட்டுவார்கள். அதுவும் பல நேரம் இரண்டு மூன்று வீடாக இருக்கும். முக்கியமான விஷயம், அந்த நாயின் குணம் லயம் முழுக்கத் தெரியும். "கடைசி வீட்டுப் பக்கம் போகாதே, குட்டி போட்டிருக்கு" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பாட்டி எப்போதும் வாசலில் உட்கார்ந்திருப்பார். வெளியாட்களும் குறைவு. மீன்காரர், துணிக்காரர், வட்டிக்காரர். அவர்களின் சைக்கிள் மணியை நாய் அறியும். வட்டிக்காரரைப் பார்த்து மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குரைக்கும் என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அங்கே யாரையும் நாய் கடிக்கவில்லை என்று கதைவிட நான் தயாரில்லை. கடித்தது. கடித்த இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார்கள், கோயிலில் மந்திரித்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது. நாயைப் பற்றிய தகவலை ஊரே சுமந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டு துண்டாக விலைபோனது. லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபோயின. லோரியில் அலமாரி, சாமி படம், கோழிக்கூண்டு ஏறியபோது நாயும் ஏறிக்கொண்டது. கூடவே நாய் வளர்க்கும் பழைய பழக்கமும். ஆனால் தாமானில் அந்தப் பாட்டி இல்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர், எதிரே மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சீனர், நாலு வீடு தள்ளி ஆறு மாதத்துக்கொரு முறை மாறும் வாடகைக் குடும்பம். அவர்களில் யாருக்கும் நம் நாயின் குணம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் கிடையாது. ஊர் சுமந்ததை இனி வளர்க்கிறவர் தனி ஆளாகச் சுமக்க வேண்டும். அதைத்தான் நாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சுபோ நேரத்தில் சூராவுக்கு நடந்து போகும் ஒரு பாக்சிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே கைகால் கழுவி, தொழுகைக்குத் தயாராகக் கிளம்பியவர். அரைகுறையாகச் சாத்திய கேட்டை முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு நாய் பாய்கிறது. கடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஈர மூக்கு சாரோங்கில் பட்டுவிட்டது. இந்த நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபி வழக்கப்படி அவர் திரும்பிப் போய், பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். ஜமாத் போய்விடும். நாய்க்காரர் ஓடிவந்து, "சும்மா விளையாடுது பாக்சிக்" என்கிறார். நாய் விளையாடியிருக்கலாம். பாக்சிக் விளையாட வரவில்லையே.

மலாய்க்காரர்களுக்கு நாயென்றாலே வெறுப்பு என்று நம்மில் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2014 அக்டோபரில் சிலாங்கூர் பண்டார் உத்தாமாவில் சையது அஸ்மி அல்ஹப்ஷி என்ற இளைஞர், நாயைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகவே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள், தொட்டார்கள், தடவினார்கள், முடிந்ததும் முறைப்படி கழுவிக்கொண்டார்கள். அதற்காக அவருக்குக் கொலைமிரட்டல்வரை வந்தது வேறு கதை. என் கண்ணில் நிற்பது, அங்கே வந்தவர்கள் எல்லாரும் தாங்களாக விரும்பி வந்தவர்கள் என்பது. சூராவுக்குப் போகிற வழியில் யாரும் அந்தப் பாக்சிக்கிடம் விருப்பம் கேட்கவில்லை. சிறுவயதில் கடிபட்ட ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் இதே கதைதான். அவளுக்கு மதக் காரணம் வேண்டாம், கெண்டைக்காலில் தழும்பு போதும்.

சட்டம் இதைப் பழைய காலத்திலேயே ஓரளவு புரிந்துவைத்திருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 289ஆவது பிரிவு ஆறு மாதம்வரை சிறை, 2,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நாயின் இனத்தை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. வைத்திருப்பவரின் அலட்சியத்தைத்தான் பார்க்கிறது. இனத்தைப் பார்க்கும் விதிகள் தனியாக உண்டு. 2012 மே மாதம் சுபாங் ஜெயாவில் காலை ஓட்டத்துக்குக் கிளம்பிய, எழுபது வயதைக் கடந்த ஒருவரை ஒரு பிட்புல் கடித்துக் கொன்றது. நாடே அதிர்ந்தது, தடைசெய்யப்பட்ட இனங்களைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. தமிழ்நாட்டிலும் இதே வரிசைதான். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. உரிமையாளர் கைதானார், உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வீடுவீடாகப் போனது.

இனங்களைப் பட்டியல் போட்டுத் தடைசெய்வதை நான் எதிர்க்கவில்லை. பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் காயமும் பெரிது, அதில் வாதம் இல்லை. ஆனால் எங்கள் தாமானில் பிட்புல் கிடையாது. இருப்பதெல்லாம் தோட்டத்து வம்சம், செம்மண் நிறத்தில், காது மடங்கி. அவற்றில் சில ஏன் ஆளைக் கண்டால் பாய்கின்றன என்று பார்க்க வீட்டின் பின்பக்கம் போகவேண்டும். சமையல்கட்டுச் சாக்கடையோரம் ஒரு இரும்புக் குழாயில் சங்கிலி. அது போகும் தூரத்துக்குத் தரையில் புல் இல்லை, மண் வட்டமாகத் தேய்ந்திருக்கும். நசுங்கிய அலுமினியத் தட்டில் காலைச் சோறு காய்ந்திருக்கும். கழுத்துப்பட்டைக்கு அடியில் முடி உதிர்ந்து தோல் தடித்திருக்கும். அதை நடக்கக் கூட்டிப்போவார் யாருமில்லை. "காவலுக்கு வளர்க்கிறோம், கொஞ்சினால் கெட்டுப்போயிடும்" என்பார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் ஓர் ஆய்வு வெளியானது. கடித்தவற்றில் சங்கிலியில் கட்டிவளர்த்த நாய்களும், கருத்தடை செய்யாத நாய்களும் தெளிவாகவே அதிகம். கொல்லைப்புறத்தில் ஐந்து நிமிடம் நின்றவருக்கு அது ஆச்சரியமாக இருக்காது. சங்கிலி எப்போதாவது அறுந்தால் அந்த நாய் முதலில் சந்திக்கும் உலகம், அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காத உலகம்.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கடிபட்டவர்கள் ஏராளம். குரைத்துக்கொண்டே பாய்ந்து கடிக்கிற நாயும் உண்டு. அதைவிட, சட்டென்று சத்தம் நின்றுபோன நாயிடம் கவனம் வேண்டும். உடம்பு விறைக்கும், வாயை இறுக மூடிக்கொள்ளும், பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும், வால் மேலே எழுந்து நுனி மட்டும் ஆடும். வால் ஆடுகிறதே, சந்தோஷமாக இருக்கிறது என்று பிள்ளைகள் கை நீட்டுவது இந்த நேரத்தில்தான். ஓடக் கூடாது, கண்ணுக்குக் கண் முறைக்கக் கூடாது, பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நிற்கவேண்டும், பள்ளிப் பையோ குடையோ நடுவில் இருக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இத்தனை பாடம் எடுக்கிற நாம், ஐம்பது வயது வளர்ப்பாளரிடம் கேட்டைத் தாழ்போடச் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

கூச்சம் இன்னோர் இடத்திலும் உண்டு. நாயை நடத்திக் கூட்டிப்போகும்போது வாய்க்கூடை மாட்டச் சொன்னால் வளர்ப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான், என் நாய் என்ன வெறிநாயா என்கிறார்கள். நல்ல வாய்க்கூடை, போரடிக்கும் மாட்டுக்குப் போடுவார்களே அதைப் போலத்தான். அதை மாட்டிக்கொண்டு நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டையை இந்த ஊர் வெயிலில் மாட்டினால்தான் கொடுமை. சிங்கப்பூரில் குறிப்பிட்ட சில இன நாய்களை வாய்க்கூடையும் வாரும் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது. உரிமையாளர் காப்புறுதியும் எடுத்திருக்க வேண்டும். ஆபத்துக்கான செலவை முன்கூட்டியே வளர்ப்பவர் தலையில் வைக்கிற ஏற்பாடு அது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

வெறிநாய்க்கடி பற்றிச் சொல்லாமல் வடக்கில் இருக்கிறவர்கள் இதைப் பேச முடியாது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு வளையமே அமைத்து, பல பத்தாண்டுகள் காத்துவந்தார்கள். நாட்டைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்த நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு என்று மறுபடி தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு பறந்தது. 2017இல் சரவாக்கில் பரவத் தொடங்கியதிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மனித உயிர்கள் போயிருக்கின்றன. அறிகுறி தெரிந்தபின் அந்த நோய்க்கு மருந்து கிடையாது என்றே சொல்லலாம். அதனால்தான் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு நேராக கிளினிக்குக்குப் போகவேண்டும். முனியாண்டி கோயிலில் சிமென்ட் நாய்க்கு மாலை போட்டுக் கும்பிடுகிறோம். வீட்டில் இருக்கும் நாயைக் கால்நடை டாக்டரிடம் ஊசிக்குக் கூட்டிப்போக மட்டும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ஒருமுறை கடித்துவிட்ட நாயை என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கமான தீர்வு இருக்கிறது. இரவில் காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டுபோய்ச் செம்பனைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வருவார்கள். மனம் கேட்காதவர்கள் பாசார் பக்கம் விடுவார்கள், எலும்பாவது கிடைக்குமே என்று. "கொல்லவா செய்தேன், உயிரோடுதானே விட்டேன்" என்று ஒரு சமாதானம். விடப்பட்ட நாய் ஏற்கெனவே அங்கிருக்கும் கூட்டத்தோடு சேரும், மோட்டாரைத் துரத்தும், குட்டி போடும். புகார் போகும். பிறகு ஊராட்சி மன்றத்து ஆட்கள் வருவார்கள். 2024 அக்டோபரில் திரங்கானு மாநிலம் பெசுட்டில், மக்கள் செல்லமாகக் கோப்பி என்று கூப்பிட்ட நாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடு முழுக்கக் கோபம் கிளம்பியது. எனக்கும்தான் கோபம். ஆனால் எல்லாரும் பிரியம் வைத்து, யார் பெயரிலும் லைசன்ஸ் இல்லாத நாய்க்காகப் பேச அந்த நேரத்தில் ஒருவரும் இருப்பதில்லை.

கடித்த நாய்க்குக் காதில் சீழ் இருக்கலாம், மறைவான வலி இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டவேண்டும். கருத்தடை, உயரமான வேலி, இரட்டைத் தாழ், வெளியே வரும்போது வாரும் வாய்க்கூடையும், பழக்கிவிடத் தெரிந்த ஒருவர். பல நாய்கள் இதிலேயே வழிக்கு வந்துவிடும். வராத நாயும் உண்டு. எல்லாம் செய்தும் முடியாது என்று டாக்டர் கைவிரித்தால், அவர் கையாலேயே ஊசி போட்டு முடித்துவைப்பதுதான் சரி என்பது என் எண்ணம். இதைப் படித்து என்னைக் கல்நெஞ்சன் என்பவர்கள் இருப்பார்கள். செம்பனைத் தோட்டத்தில் விட்டு வருவதைவிட இது கடினமான காரியம்தான். செலவும் உண்டு, பல இரவு தூக்கமும் போகும். அது வளர்த்தவருக்கு வரவேண்டிய கஷ்டம். மறுநாள் காலை அந்தத் தோட்டத்தில் குலை வெட்டப்போகும் வங்காளதேசத் தொழிலாளிக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.