வாளால் கழுவிய பாவம்



திருவனந்தபுரத்தின் பாளையத்தில் கணபதி கோயிலும் ஜும்மா பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கின்றன. சாலையின் எதிர்ப்புறம் புனித சூசையப்பர் பேராலயம். பாளையம் என்றால் படை தங்கும் இடம். அங்கே இன்று மூன்று வழிபாடுகள் நிகழ்வதைக் காண்போர் உள்ளம் குளிரும். ஆனால் இதே கேரளக் கடற்கரை புனிதப் போரின் தீயையும் கண்டிருக்கிறது.

அத்தீ எங்கே மூண்டது? 1095-இல் பிரான்சின் கிளேர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன், ஜெருசலேமை மீட்கச் செல்வோருக்கு அப்பயணமே முழுப் பாவப்பரிகாரமாகும் என்று அறிவித்தார். புகழும் பொருளும் நாடாமல், பக்தியால் மட்டுமே செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. 1099-இல் ஜெருசலேம் வீழ்ந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். மறுபுறம் ஜிஹாத் என்னும் அறைகூவல் வலுப்பெற்றது. போரில் மடிவோருக்குச் சொர்க்கம் உறுதியளிக்கப்பட்டது. 1187-இல் சலாஹுத்தீன் அந்நகரைக் கைப்பற்றினார்.

அந்த உணர்வு கடல் கடந்தும் வந்தது. 1452-இலும் 1455-இலும் போப் ஐந்தாம் நிக்கோலஸ், முஸ்லிம்களையும் பிற சமயத்தாரையும் வென்றடக்கும் உரிமையைப் போர்த்துகீசிய மன்னருக்கு வழங்கினார். 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோட காமா, 1502-இல் மறுமுறை வந்தபோது மெக்கா யாத்திரிகர்களின் கப்பலை எரித்தார். பெண்கள் கைக்குழந்தைகளை உயர்த்திக் காட்டிக் கெஞ்சியும் பயனில்லை. அந்நூற்றாண்டிலேயே பொன்னானி அறிஞர் ஜைனுத்தீன் மக்தூம், ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலில் போர்த்துகீசியருக்கு எதிராக ஜிஹாதுக்கு அழைத்தார். அதே நூலில், முஸ்லிம்களை ஆதரித்த மலபாரின் இந்து மன்னர்களைப் போற்றவும் செய்தார்.

மிளகு வாணிகமே காரணம் என்று சிலர் கூறுவர். 1600-இல் குஞ்ஞாலி மரைக்காரை வீழ்த்தச் சாமூதிரியே போர்த்துகீசியருடன் கைகோத்ததை நோக்கினால், அதில் உண்மை உண்டு. ஆயினும் ஆசையின்மீது முழுப்பழியையும் சுமத்திச் சமயவாதிகளாகிய நாம் தப்பிவிட இயலாது. சிலுவைப் போருக்குச் சென்ற பலர் உண்மையாகவே நம்பினார்கள். பாவம் நீங்க ஏங்கினார்கள். தம் உள்ளத்தில் களைய வேண்டிய அழுக்கைப் பிறர் குருதியால் கழுவ முற்பட்டார்கள். பக்தியும் வழிதவறும் என்பதே நாம் அஞ்ச வேண்டிய உண்மை.

அதே போர்களின் நடுவே, 1219-இல் அசிசி நகர பிரான்சிஸ் எகிப்தில் ஆயுதமின்றிச் சென்று சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். சுல்தானும் அவருக்குத் தீங்கிழைக்காமல் திருப்பி அனுப்பினார். இருவரும் தத்தம் சமயத்தில் உறுதியாக நின்றவர்களே.

நம் தெய்வத்தை ஒருவர் இகழ்ந்தார் என்று கேட்டவுடன் நெஞ்சில் சினம் எழுகிறதல்லவா? அந்தக் கணத்தில் சற்றே நின்று, ‘இது பக்தியா, என் அகந்தையா?’ என்று கேட்டுக்கொள்வோம். அந்த விடை கிடைக்கும்வரை நாவையும் கையையும் அடக்கிக் காப்பதும் வழிபாடே.