சல்பேட்டில்தான் சூட்சுமம்

மன்னார் வளைகுடாவில் சேகரிக்கப்படும் கட்டக்கோரை ஒரு பழுப்புப் பாசி. அதன் செல்சுவரில் இரண்டு முக்கியமான சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. ஒன்று ஆல்ஜினேட், இன்னொன்று, 1913இல் ஸ்வீடன் அறிவியலாளர் ஹரால்ட் கைலின் பழுப்புப் பாசிகளிலிருந்து பிரித்தெடுத்த ஃபூக்காய்டன். கால்சியம் ஆல்ஜினேட் காயக்கட்டு இரத்தக் கசிவை நிறுத்த உதவுகிறது. ஃபூக்காய்டனோ இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. ஒரே பாசிக்குள் ஏன் இந்த முரண்?

விடை சல்பேட். ஃபூக்காய்டனின் சர்க்கரை அலகுகளில் சல்பேட் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. ஆல்ஜினேட்டில் அவை இல்லை. சல்பேட்டுக்கு எதிர்மின்சுமை உண்டு. இரத்தம் உறைவதில் பங்குபெறும் புரதங்களின் நேர்மின்சுமை கொண்ட பகுதிகளை அது பற்றிக்கொள்ளும். பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு மருந்தும் ஏறத்தாழ இப்படித்தான் வேலை செய்கிறது.

வைரஸ்களிடமும் இதே கதைதான். அக்கி வைரஸ் வகைகள் சில, நம் செல்லின் மேலுள்ள ஹெப்பாரான் சல்பேட்டைப் பற்றியே உள்ளே நுழைகின்றன. சிவப்புப் பாசியின் சல்பேட் கொண்ட சர்க்கரைச் சங்கிலியான காராஜீனன் அந்த வைரஸை முந்திக்கொண்டு பற்றினால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. ஆய்வகச் செல்களில் இது நன்கு தெரிகிறது.

சல்பேட்தான் காரணமென்றால், இல்லாத இடத்தில் அதைச் சேர்க்கலாமே? சீன ஆய்வாளர்கள் 1980களில் அதைச் செய்தார்கள். ஆல்ஜினேட்டுடன் புரோப்பிலீன் கிளைக்கால் தொகுதியை இணைத்து, பிறகு சல்பேட் ஏற்றினார்கள். இப்படி உருவான பி.எஸ்.எஸ். அந்நாட்டில் இரத்தநாள நோய்களுக்கு மருந்தானது. ஃபூக்காய்டனிலிருந்து சல்பேட்டை நீக்கினால் உறைதடுப்புத் திறன் போய்விடுகிறது என்பது மறுபக்கச் சான்று.

சங்கிலியின் நீளமும் முக்கியம். மிக நீண்டது குழகுழப்பாகி உடலில் எளிதில் சேராது. அமிலமோ நொதியோ கொண்டு வெட்டலாம். அளவுக்கு மீறி வெட்டினால் உறைதடுப்புத் திறன் குறையும். காராஜீனனை அமிலத்தில் சிதைத்துப் பெறும் பாலிஜீனன் கினிப் பன்றிகளின் குடலில் புண் உண்டாக்கியது. அது உணவில் சேர்க்கப்படுவதில்லை.

சல்பேட் கூடுவதெல்லாம் நன்மையும் அல்ல. 2008இல், மிகையாகச் சல்பேட் ஏற்றிய காண்ட்ராய்டின் என்ற சர்க்கரைச் சங்கிலி கலந்த ஹெப்பாரின், அமெரிக்காவில் நோயாளிகளின் இரத்த அழுத்தத்தைத் திடீரெனச் சரித்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அது பாசிப் பொருள் அல்ல. பாடம் மட்டும் பொது.

ஆகவே, ‘ஃபூக்காய்டன்’ என்ற பெயர் மட்டும் ஒரு மாத்திரையின் தரத்தைச் சொல்லாது. எந்தப் பாசி, எவ்வளவு சல்பேட், மூலக்கூறு எவ்வளவு பெரியது என்பதையும் கேளுங்கள். இரத்தம் உறையாதிருக்க ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.