எலி சொன்ன சாட்சி

மூலிகைச் சாறுகளின் நச்சுத்தன்மையை எலிகளில் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. முதல்நாள் இரவு எலிகளைப் பட்டினி போடுவோம். காலையில் எடை பார்த்து, பிக்ரிக் அமிலத்தைத் தொட்டு ஒன்றுக்குத் தலையில், இன்னொன்றுக்கு முதுகில், மூன்றாவதற்கு வாலடியில் மஞ்சள் பொட்டு வைப்போம். நுனி உருண்டையான வளைந்த ஊசியால் சாறு நேரே இரைப்பைக்குப் போகும். கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் வரை. முதல் அரைமணி நேரம் கண்ணை எடுக்கக் கூடாது. மயிர் சிலிர்க்கிறதா, எச்சில் வடிகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா? 14 நாள் நன்றாக ஓடியாடிய எலிக்கும் கடைசியில் உயிர் போகும். ஈரலையும் சிறுநீரகத்தையும் திறந்து பார்த்தாக வேண்டுமே.

எங்கள் குடும்பம் வள்ளலார் வழி. "எறும்பை மிதிக்காம நடன்னு சொல்லி வளர்த்தேன். பாவமில்லையாடி?" என்று அம்மா கேட்பார். ஜீவகாருண்யம் சொன்ன அதே வள்ளலார்தான் மூலிகைகளின் குணங்களையும் எழுதி வைத்தார், கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் உண்ணச் சொன்னார். ஆனால் அவர் சொன்னது கீரை. இன்று மாத்திரைக்குள் போவது எத்தனாலில் ஊறவைத்து வற்றக் காய்ச்சிய சாறு. கீரையைத் தின்ற அனுபவம் அதற்குப் பொறுப்பேற்காது.

பாட்டி காலத்து மருந்துக்குச் சோதனை எதற்கு என்பவர்களிடம் ஆடுதீண்டாப்பாளையைக் காட்டுவேன். அதுவும் ஈச்சுரமூலியும் நம் வைத்தியத்தில் நெடுங்காலமாக இருப்பவை. இரண்டும் அரிஸ்டலோகியா இனம். அந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டலோகிக் அமிலம் உண்டு. தின்றதும் வாந்தி வந்தால் அனுபவம் சொல்லிவிடும். பல வருடம் கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால், அதை எந்தப் பாட்டி இந்த இலையோடு முடிச்சுப் போட்டிருப்பாள்?

அந்த அமிலத்தின் ஆபத்தை எலி சொன்னது. இந்த அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் தருகிறது என்று ஜெர்மனியில் 1982-இல் ஆய்வு வெளியானது. அங்கே அது கலந்த மருந்துகளை விலக்கினார்கள். பல நாடுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் பழுதானது. வேறொரு சீன மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டலோகியா கலந்திருந்தது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. அவர்களுக்குப் பத்து வருடம் முன்பே எலிகள் சாட்சி சொல்லிச் செத்திருந்தன.

பல உயிருக்காக ஓர் உயிர் என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. அந்தக் கணக்கை எலியைக் கேட்டு யாரும் போடவில்லை. அம்மா சொல்வது பாவம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் சோதிக்காத சாற்றைக் குழந்தையின் வாயில் ஊற்றினால் அங்கே சோதனை எலி அந்தக் குழந்தை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கொன்றவர்கள் நாம், ஆகவே கடன்பட்டவர்கள். அந்த உயிர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்பதும், அதையே சொல்ல இன்னொரு உயிரைக் கொல்லாதிருப்பதும்தான் கடனை அடைக்கும் வழி.

நடப்பது அப்படியில்லை. பட்டத்துக்கு ஓர் அத்தியாயம் வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே பார்த்த மூலிகையை, ஏற்கெனவே பார்த்த அளவில் மறுபடி கொடுக்கிறோம். 'நச்சில்லை' என்ற முடிவு, பைண்டு செய்த ஆய்வேட்டுக்குள் பீரோவில் தூங்குகிறது. அடுத்த கல்லூரியில் அதே மூலிகைக்கு அடுத்த எலிகள். முதல் சாவுக்காவது ஒரு நியாயம் சொல்லலாம். இதற்கு ஒன்றும் கிடையாது.

விலங்கு நெறிக்குழுவுக்குக் கொடுக்கும் படிவம் பி-யில், இந்த ஆய்வு முன்பு வெளியானதைத் தேவையின்றித் திரும்பச் செய்வதல்ல என்று உறுதிமொழி இருக்கிறது. வழிகாட்டிகளே, அதில் கையெழுத்துப் போடுமுன் ஒருநாள் உட்கார்ந்து தேடுங்கள். உங்கள் மாணவர்களின் முடிவுகளை, ஒரு எலியும் நோகாத முடிவுகளையும் சேர்த்து, வெளியிடுங்கள். விடை முன்பே இருந்தால், எங்களிடம் எலி கேட்காதீர்கள்.