அடிநீரின் அழுத்தம்

நெய்வேலிச் சுரங்கத்தைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் நிற்கிறது. அதனை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றாவிடில், நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். 1956இல் நிறுவனம் தோன்றிய காலந்தொட்டே பொறியாளர்களைச் சோதித்த இடர் இது. இறைத்த நீரோ அனல்மின் நிலையத்திற்கும் வயல்களுக்கும் பயன்படுகிறது.

மனிதர் கூடிப் பணிபுரியும் இடங்களிலும் இத்தகைய அடிநீர் உண்டு. பள்ளிகளில் மிகுதியாகவே உண்டு.

முன்னர் வேறொரு பங்கில் நாம் பள்ளித் தாளாளராக இருந்தோம். நாம் நுழைந்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு அடங்கிவிடும். அதனை மரியாதை என்றே எண்ணி மகிழ்ந்தோம். ஒருமுறை, ஓர் ஆசிரியையைக் குறித்து ஒருவர் நம் காதில் ஓதியதை நம்பி, அவரை விசாரியாமலேயே ஆசிரியர் கூட்டத்தில் கண்டித்தோம். சொல்லப்பட்டது பொய்யெனப் பின்னர்த் தெளிவாயிற்று. அவரைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தோம். அவர் அமைதியாக, "கண்டிச்சது எல்லாருக்கும் முன்னாலதானே, ஃபாதர்?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டோம். அவர் நம்மை மீண்டும் முழுமையாக நம்பினார் என்று சொல்ல இயலாது. ஆயினும் சில வாரங்களில், நாம் நுழைந்த பின்னும் அவ்வறையில் பேச்சு தொடர்ந்தது.

யார் முதலில் நம்புவது? "அவர்கள் கடமையைச் செய்யட்டும், பிறகு நம்புவோம்" என்பது நிர்வாகத்தின் வாதம். "எங்களை மதிக்கட்டும், பிறகு பாருங்கள்" என்பது ஆசிரியர்களின் வாதம். நம்பி ஏமாந்தால் தாளாளர் இழப்பது தம் பெருமையை. ஆசிரியர் இழப்பதோ பிழைப்பை. ஆகவே குறைவாக இழப்பவரே முதலடி வைக்கக் கடமைப்பட்டவர்.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? வேண்டும். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அதற்கு முறை வகுத்துள்ளார்: முதலில் தனிமையில், பின்னர் ஓரிருவருடன், இறுதியிலேயே சபையில். நாமோ இறுதிப் படியிலிருந்து தொடங்கினோம். ஆசிரியர் அறையின் புறணிக்கும் இதே முறைதான் மருந்து.

ஆணைகளால் ஆட்களைப் பணிக்குத் திருப்பலாம். 2003 ஜூலையில் தமிழகத்தில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபின் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். வருகைப் பதிவேடு நிறைந்தது. காயமுற்ற மனங்களைத் திருப்பித் தரும் ஆணை எங்குண்டு?

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட், முக்கியக் காரியங்களில் துறவியர் அனைவரையும் அழைத்துக் கேட்குமாறு மடத் தலைவருக்கு விதித்தார். இறைவன் இளையவருக்கே சிறந்ததை வெளிப்படுத்துவதுண்டு என்பது அவர் தந்த காரணம். நம் பள்ளிக் கூட்டங்களில் புதிதாய்ச் சேர்ந்த ஆசிரியர் முதலிலும் தாளாளர் கடைசியிலும் பேசினால் என்ன?

அன்பர்களே, அலுவலகத்திலோ இல்லத்திலோ, நாம் நுழைந்ததும் பேச்சு அடங்குகிறதா? அடங்கினால் அங்கே அடிநீர் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றே இறைக்கத் தொடங்குவோம்.