குதிரைக்குப் பேசிய விலையும் காருக்குப் பேசிய தவணையும்



அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் சொல்லித் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே! தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றி நாம் அடிக்கடி கேட்கிறோம். கொடுக்கல் வாங்கலில் சொன்ன சொல்லைப் பற்றிக் குறைவாகவே கேட்கிறோம். இன்றைய கேள்வி இதுதான். விலையும் தவணையும் பேசி முடித்து, முன்பணமும் கொடுத்த பிறகு, பொருள் கைக்கு வருவதற்குள் ஒரு தரப்பு மட்டும் நிபந்தனையை மாற்றலாமா? மாற்றினால் மற்றவர் பொறுத்துப் போவதா, தட்டிக் கேட்பதா?

நபி (ஸல்) அவர்களுடைய வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு நிகழ்வு இருக்கிறது. அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் அது பதிவாகியுள்ளது. நபியவர்கள் ஒரு கிராமவாசியிடம் குதிரை ஒன்றை விலை பேசி வாங்கினார்கள். பணம் கொடுப்பதற்காக அவரைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்கள். அவர் மெதுவாக வந்தார். குதிரை விற்றுப்போன விஷயம் தெரியாமல் வழியில் இருந்தவர்கள் அவரிடம் விலை கேட்கத் தொடங்கினார்கள். அவர் மனம் மாறியது. வாங்குவதானால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுவேன் என்று நபியவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஏற்கெனவே உம்மிடம் வாங்கிவிட்டேனே என்றார்கள் நபியவர்கள். இல்லை, நான் விற்கவில்லை, சாட்சி இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார் அவர். அப்போது குஸைமா இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் முன்வந்து சாட்சி சொன்னார்கள். எதை வைத்துச் சாட்சி சொல்கிறீர் என்று நபியவர்கள் கேட்டபோது, தாங்கள் உண்மையாளர் என்று நம்புவதை வைத்துத்தான் என்றார்கள். குஸைமா (ரலி) அவர்களின் சாட்சியம் இரண்டு பேரின் சாட்சியத்துக்குச் சமமாக்கப்பட்டது.

இந்த நிகழ்வைப் பெரும்பாலும் குஸைமா (ரலி) அவர்களின் ஈமானுக்காகவே சொல்வார்கள். அதில் வேறு இரண்டு பாடங்களும் உண்டு. முதலாவது, நபியவர்கள் மௌனமாகப் போய்விடவில்லை; பேசி முடித்த வியாபாரம் முடிந்ததுதான் என்று எடுத்துச் சொன்னார்கள். இரண்டாவது, மதீனாவின் தலைவராக இருந்தும் அதிகாரத்தைக் காட்டிக் குதிரையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நியாயத்தைச் சொல்லி, சாட்சியைக் கேட்கும் நிலையிலேயே நின்றார்கள்.

அன்றைக்குக் குதிரை, இன்றைக்குக் கார். நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கார் வெறும் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. மெட்ரோ வேலை நடக்கும் பழைய மாமல்லபுரம் சாலையில், மழை நாளில் வயதான தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் 8 லட்சம் ரூபாய் கடனில் கார் புக் செய்கிறார். 9 சதவீத வட்டி, 60 மாதம், மாதத் தவணை சுமார் 16,607 ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று. டெலிவரிக்கு இரண்டு நாள் முன்பு போன் வருகிறது. "சார், ரேட் மாறிடுச்சு, 10 பர்சென்ட்தான் வருது. மாசம் நானூறு ரூபாகூட வித்தியாசம் இல்லை." உண்மைதான், மாதம் 391 ரூபாய்தான் கூடுகிறது. 60 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 23,000 ரூபாய்க்கு மேல் போகிறது. இதோடு, முன்பு பேச்சிலேயே இல்லாத ஒரு காப்பீடும், கூடுதல் ப்ராசசிங் கட்டணமும் சேர்ந்துகொள்கின்றன. அதற்குள் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. உறவினர்களிடம் சொல்லியாயிற்று. பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மனிதர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

அவர் சம்மதித்தாரா? காகிதத்தில் சம்மதம் இருக்கிறது. ஆனால் அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தில் அல்லாஹ் வியாபாரத்துக்கு வைக்கும் நிபந்தனை, இரு தரப்பினரின் மனப்பொருத்தம். திரும்பிப் போகும் வழிகளெல்லாம் அடைபட்ட பிறகு வாங்கும் 'சரி'யை மனப்பொருத்தம் என்று சொல்ல நம் மனம் ஒப்புமா?

ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நீங்கள் அறிவீர்கள். நபியவர்கள் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள், மோசடியைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஈரத் தானியத்தை விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாங்குகிறவர் முடிவெடுக்கும் முன்பே அது அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் சொன்னார்கள். முதல் நாளில் சொல்ல வேண்டிய கட்டணத்தைக் கடைசி நாளில் சொல்வது, ஈரத்தை அடியில் வைப்பதுதான்.

புக்கிங் என்பது வாக்குறுதிதானே, ஒப்பந்தம் ஆகாதே என்று சிலர் வாதிடலாம். ஃபிக்ஹ் அறிஞர்கள் இதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானத்தின் சாரம் இது: தக்க காரணமின்றி வாக்கை மீறுவது மார்க்கப்படி கூடாது. ஒரு காரணத்தோடு இணைத்து வாக்குக் கொடுத்து, அதை நம்பி மற்றவர் செலவிலும் சுமையிலும் இறங்கிவிட்டால், அது சட்டப்படியும் கட்டுப்படுத்தும். வாக்கை நிறைவேற்ற வேண்டும், அல்லது இழப்பை ஈடுகட்ட வேண்டும். மாலிக்கி அறிஞர்கள் இதை முன்பே சொல்லியிருக்கிறார்கள். வாக்கை நம்பிப் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டவரின் நிலை இதுதான்.

அப்படியானால் மாற்றமே கூடாதா? கேட்கலாம். ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, குறைஷியரின் தூதராக வந்த சுஹைலின் மகன் அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் விலங்கோடு வந்து சேர்ந்தார்கள். எழுத்து இன்னும் முடியவில்லை. அவரை மட்டும் எனக்காக விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். சுஹைல் மறுத்தார். தோழர்களின் உள்ளம் கொதித்தது. ஆயினும் பேசிய நிபந்தனைப்படி அவர் திருப்பி அனுப்பப்பட்டார். மாற்றத்தைக் கேட்பதற்கு மார்க்கத்தில் இடம் உண்டு. மறுக்கும் உரிமையை மற்றவரிடமிருந்து பறிப்பதற்கு இடமில்லை. வட்டி விகிதம் உண்மையிலேயே மாறியிருந்தால் அதைச் சொல்லி, முன்பணத்தை முழுசாகத் திருப்பித் தருகிறோம், விருப்பமிருந்தால் தொடருங்கள் என்று சொல்வது நேர்மை.

இங்கே சிலர் கேட்பீர்கள்: வட்டிக் கடனே ஹராம், அதில் என்ன நியாயம் பேசுவது? வட்டி ஹராம் என்பதில் சந்தேகமில்லை. இந்த உரை அதை ஹலாலாக்கவும் இல்லை. சேமித்து வாங்குவது, பழைய வண்டியோடு திருப்தி அடைவது, உறவினரிடம் அழகிய கடன் பெறுவது, ஒரே விலையாக முடிவு செய்து தவணையில் வாங்குவது ஆகிய வழிகளை முதலில் தேடுங்கள். ஆனால் ஒருவர் பாவத்தில் இருக்கிறார் என்பதால் அவரை ஏமாற்றுவது ஆகுமாகிவிடாது. மேலும், ஷோரூம்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் கார் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மாற்று மதச் சகோதரர்கள். அவர்களுடைய ஹக்கைப் பற்றி நாளை நம்மிடம் கேட்கப்படாதா?

இந்தப் பழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு. பிரிட்டனில், வட்டியைக் கூட்டினால் விற்பவரின் கமிஷனும் கூடும் என்ற ஏற்பாடு பல ஆண்டுகள் இருந்தது. 2021 ஜனவரியில் அது தடை செய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கடனுக்கான மொத்தக் கட்டணத்தில் 55 சதவீதம் விற்பவருக்குக் கமிஷனாகப் போனதையும் அது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்படாததையும் சுட்டிக்காட்டி, அந்த உறவு நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் பாதுகாப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்னும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வாகனக் கடன் போன்றவற்றில், யோசித்துச் சம்மதிக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் நீங்கள் ஏற்றுக்கொண்டால், அதிலுள்ள நிபந்தனைகள் கடன் தருபவரையும் கட்டுப்படுத்தும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. அதே ஏப்ரல் மாதம் 29 அன்று, பணத்தை விடுவிக்கும் முன்பே, ஒப்பந்தத் தேதியிலிருந்து வட்டி கணக்கிடும் பழக்கத்தையும் ரிசர்வ் வங்கி கண்டித்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான அந்த வசனம் கடனை எழுதுவதைப் பற்றியது. எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் பட்டவர்! அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். பலவீனமான தரப்பின் வாயிலிருந்து வரும் வாசகத்தையே அல்லாஹ் பத்திரமாக்குகிறான். இன்றோ கடன் கொடுப்பவர் ஐம்பது பக்கம் அச்சடித்து வைத்து, பென்சிலில் குறித்த இடத்திலெல்லாம் கையெழுத்து கேட்கிறார்.

ஆகவே, சகோதரர்களே! வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாவது கையில் இருக்கட்டும். முன்பணம் கொடுக்கும்போதே, நிபந்தனை மாறினால் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றம் வந்தால் முதலில் மேலாளரிடம், பிறகு கடன் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், தகவலுக்கு 14448. விற்பனையாளர் மீதான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம். இது பொறுமைக்கு எதிரானது அல்ல. இன்று நீங்கள் கேட்டால் நாளை வருகிறவர் ஏமாற மாட்டார். ஆனால் போனில் பேசும் அந்த இளைஞரைத் திட்டித் தீர்க்காதீர்கள். அவரும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை. பல நேரங்களில் மேலே சொன்னதைச் சொல்கிறவர்.

ஷோரூமிலும் நிதி நிறுவனத்திலும் வேலை செய்யும் தம்பிகளே! மேலிடத்து உத்தரவு என்ற பதில் மறுமையில் எடுபடாது. முழுத் தொகையையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு விற்பனை கைநழுவினாலும் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

கடைசியாக, தராசின் மறு தட்டையும் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புக் செய்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருந்தவர்கள் குறைந்த வரியின் பலனைக் கேட்டார்கள். அரசு குறைத்ததைக் கேட்பது நியாயமே. ஆனால் இரண்டு ஷோரூமில் புக் செய்து ஒருவரைக் கடைசி வரை காக்க வைப்பதும், சம்பளச் சான்றைத் திருத்திக் கடன் கேட்பதும் நியாயமா? தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களை எச்சரித்தே முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது. அந்த எச்சரிக்கை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்துத்தான்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக. வட்டியின் தேவையிலிருந்து எங்களைக் காப்பாயாக. கொடுத்த வாக்கைக் காப்பவர்களாகவும், அநீதியைக் கண்ணியத்தோடு தட்டிக் கேட்பவர்களாகவும் எங்களை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.